மூன்றாம் சிலிண்டர்

இன்ஜினில் கோளாறு வந்தால் அது புதிதாக ஒரு சத்தம் போடும் என்று பொதுமக்களிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இது தவறு. பட்டதாரிகளும் குடும்பத் தலைவர்களும் இந்தத் தவறோடு வாழ்ந்து, திருத்தப்படாமலே மறைந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. கோளாறு சத்தம் போடுவதில்லை; ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் சத்தங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. காதில் விழுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், விழாததைக் கேட்பதுதான் கஷ்டம். இதை நான் தெரிந்துகொண்டு நான்கு நிமிடம் ஆகிறது. சனிக்கிழமை காலை எட்டேகால், ஈரோட்டில் எங்கள் வீட்டு போர்டிகோ, மார்கழிப் பனி இன்னும் கண்ணாடியை விட்டு இறங்கவில்லை, நான் காருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து புகைக்குழாயின் முன்னால் உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருக்கிறேன், பிச்சை கேட்பவனைப் போல. சூடான காற்று வந்து கையில் மோதுகிறது. ஒரே சீராக வருவதாகத்தான் நேற்றுவரை நினைத்திருந்தேன். சீராக இல்லை. நடுநடுவே காற்று வராத ஒரு இடம் இருக்கிறது, மிகச் சிறிய இடம், விநாடிக்கு ஆறேழு தடவை உள்ளங்கை அதில் தடுக்கி விழுகிறது. கையை எடுக்காமலே யோசிக்கிறேன்: நான் வெளியே வந்தது இதற்கில்லையே. கார் நன்றாக இருக்கிறது, தவறு கிளட்சை விட்ட காலில் இருக்கிறது, இதை நிலைநாட்டத்தான் வந்தேன். நான் கல்லூரி நூலகர்; நூலகருக்கு ஆதாரம் வேண்டும். முன்னறையில் என் மனைவி குணவதியின் தையல் மெஷின் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. பத்து மணிக்கு அவள் பெருந்துறைக்கு போன் செய்து, திங்கட்கிழமை வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிடுவாள். அவள் புதிதாகச் சொல்லிக்கொடுக்கப் போகும் தையல் பயிற்சி மையத்தில் வகுப்பு ஒன்பதுக்குத் தொடங்குகிறது, இங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு ஷேர் ஆட்டோவில் தொங்கிப் போனால் பத்தாகிவிடும், கார் இருந்தால்தான் அந்த வேலை. கார் இருக்கிறது. சாவியை நேற்று மாலை காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டு, "இனி நீங்களே ஓட்டிக்குங்க" என்று சொல்லி சமையலறைக்குள் போய்விட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், பால்காரரிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்பதுபோல.

நேற்று மாலை ஐந்தேகால், ரயில்வே மேம்பாலம், அவள் லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம். திங்கட்கிழமைக்கு வழி பழகலாம் என்று நான்தான் சொன்னேன். கடைவீதி, பெரிய பள்ளிக்கூடம், சிக்னல் எல்லாம் கடந்து நன்றாகத்தான் ஓட்டினாள். நான் இடப்பக்க இருக்கையில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பற்றவில்லை என்று காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலத்தின் மேட்டில் பாதி ஏறியதும் வண்டி திக்கியது. ஆமாம், திக்கியது என்பதுதான் சரி. "இழுக்க மாட்டேங்குதுங்க" என்றாள். "கிளட்ச்ச முழுசா விடு." "விட்டுட்டனுங்க." "விடல." "காலெடுத்துக் கீழயே வெச்சுட்டேன், பாருங்க." நான் பார்க்கவில்லை. கண்ணாடியில் எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தேன், அதன் முன்கண்ணாடி முழுவதும் ஒரு பெரிய மாலை, அது ஹாரன் அடித்தது. "தையல் விடற மாதிரி இருக்குது. மூணு விழுது, நாலாவது விடுது" என்றாள். அந்த நேரத்தில் தையலைப் பற்றி யார் கேட்டார்கள் என்று நினைத்தேன். "மஞ்ச லைட்டு ஒண்ணு கண்ணடிக்குதுங்க." "அது எப்பவும் எரியறதுதான்" என்றேன். எப்போதும் எரிந்ததில்லை. என் வாழ்க்கையில் நான் ஆதாரமில்லாமல் சொன்ன வாக்கியங்கள் குறைவு, அதில் ஒன்றைப் பாலத்தின் நடுவில் சொன்னேன். வண்டி நின்றுவிட்டது. இரண்டு பேரும் இறங்கி பானட்டுக்கு முன்னால் ஒருவரை ஒருவர் கடந்தோம், அவள் தரையைப் பார்த்துக்கொண்டு போனாள், நான் பஸ் டிரைவருக்குக் கையெடுத்துக் காட்டினேன், முதல் கியரில் மெதுவாக உருட்டி ஏற்றிவிட்டேன். ஏற்றிவிட்டேன் என்பதே எனக்குச் சான்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு ரத்தினசாமி கேட்டருகில் நின்று, "என்னுங் மாப்ள, போகும்போது அம்மணி ஓட்டுச்சு, வரும்போது நீங்க ஓட்டறீங்?" என்று கேட்க, "கிளட்ச் இன்னும் பழகல மச்சான்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரித்ததால் சிரித்தேன். அவள் வாசற்கதவைத் திறந்துகொண்டிருந்தாள். பூட்டு ஒரு முறைக்கு இரண்டு முறை சுற்றியது. கேட்டிருக்குமா? ஆறடி தூரம். கேட்டிருக்கும்.

டேஷ்போர்டுக்குள் ஒரு புத்தகம் இருக்கிறது, வண்டி வாங்கிய நாளில் கொடுத்த கையேடு. எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்திருந்தால் 629.25 என்று எண் போட்டு, முத்திரை குத்தி, அலமாரியில் ஏற்றியிருப்பேன். முப்பதாயிரம் புத்தகங்களுக்குப் பொறுப்பாளனான நான் இந்த ஒரு புத்தகத்தை ஒன்பது வருடமாக பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்ததில்லை. உறையின் ஓரம் இன்று காலை கிழியும்போது புதுத்துணி வாசனை வந்தது. அதில் அந்த மஞ்சள் விளக்கின் படம் இருக்கிறது. நின்று எரிந்தால் கவனிக்கவும். கண் சிமிட்டினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியவில்லை, மேட்டில் மிதிக்காதீர்கள், உடனே பார்க்கவும். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன், அது மாறவில்லை. பெட்ரோல் உள்ளே வெடிக்கிறது என்று சொல்கிறார்கள், அதுவும் தவறு, எரிகிறது, ஆனால் எப்படிப்பட்ட எரிதல். வண்டி சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு ஆயிரத்து அறுநூறு தடவை. நான் இந்த வாக்கியத்தை நினைத்து முடிப்பதற்குள் எழுபது, எண்பது தடவை நெருப்பு மூட்டி அணைத்தாகிவிட்டது. அதுவும் வரிசையாக இல்லை: ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. ஒன்றுக்கு அடுத்து மூன்றை வைப்பவனை நான் வேலையில் சேர்த்துக்கொள்ளவே மாட்டேன். ஆனால் அந்த வரிசையில் போனால்தான் இரும்பு குலுங்காது என்று யாரோ ஒருவர் கணக்குப் போட்டு, அதை இரும்பும் ஒப்புக்கொண்டு, ஒன்பது வருடமாக என் மூக்குக்கு மூன்றடி முன்னால் இவ்வளவு நடந்திருக்கிறது, நான் ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசித்துக்கொண்டு போயிருக்கிறேன். சரி. எந்தச் சிலிண்டர்? நான்கு சிலிண்டர்களின் தலையிலும் ஒவ்வொரு காயில் உட்கார்ந்திருக்கிறது, கறுப்புக் குடை மாதிரி, பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெருக்கிக் கொடுப்பது அதுதான். இன்ஜினை நிறுத்தி, முதல் காயிலின் ஒயரைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்தேன்: வண்டி குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறியது. நிறுத்தினேன், மாட்டினேன். இரண்டாவது, அதே உதறல். அடுத்து நான்காவதைப் பார்த்தேன், ஏன் மூன்றாவதைத் தாண்டிப் போனேன் என்று எனக்குத் தெரியும், தெரியாது என்று சொல்லிக்கொண்டேன். நான்காவதும் உதறியது. கடைசியில் மூன்றாவதைக் கழற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே வேலைக்கு வராதவனை வேலையை விட்டு நீக்கியதுபோல, வண்டிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மூன்று மட்டுமே ஓடுகின்றன. நான்காமவனின் பாரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, புகார் சொல்லாமல், என் கையை உதறவைக்கும் அளவுக்கு மட்டும் நொண்டிக்கொண்டு. நான் பானட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன், ஏதோ ஒரு பெரிய மனிதரின் அறைக்குள் தவறி நுழைந்துவிட்டவனைப் போல.

"என்னுங் மாப்ள, லைப்ரரியில இன்ஜினும் படிச்சு முடிச்சாச்சுங்களா?" ரத்தினசாமி. பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டின் மேல் கையை ஊன்றியிருக்கிறார். குணவதி அவரை அண்ணன் என்பாள், அந்தக் கணக்கில் நான் அவருக்கு மாப்பிள்ளை, அந்தக் கணக்கில் என்னைக் கேலி செய்வது அவருடைய பிறப்புரிமை. "சும்மா பாக்கறேன் மச்சான்." "பாருங், பாருங். கிளட்ச் பிளேட்டு போயிருக்கும். பழகற கை, தேச்சுத் தேச்சுத் தின்னுருக்கும். எங்க வீட்டுல ஸ்கூட்டர் பழகுனப்ப ரெண்டு கண்ணாடி போச்சு, ஒரு கோழி போச்சு." அவர் இதைச் சொல்லும்போது முன்னறையில் மெஷின் நின்றது. மறுபடி ஓடவில்லை. நூல் மாற்றுகிறாளாக இருக்கும். ஊசி கோக்கிறாளாக இருக்கும். நான் வாயைத் திறந்து, கிளட்ச் இல்லை மச்சான் என்று சொல்லியிருக்கலாம், மூன்று சொல். "பாக்கலாம்" என்றேன். மெஷின் மறுபடி ஓடியது, இந்தத் தடவை நீளமாக, ஒரு பாவாடையின் முழு விளிம்பையும் ஒரே மூச்சில் அடிப்பதுபோல, நான் என்னை அறியாமல் அந்தச் சத்தத்தில் விடுபட்ட இடம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை, ஒன்றுகூட இல்லை. அவளுடைய பவர் மெஷின் நிமிடத்துக்கு நாலாயிரம் தையல் போடும். இருபத்திரண்டு வருடம் அதன் பெடலில் அந்தக் கால் இருந்திருக்கிறது. நாலாயிரத்தில் ஒன்று விட்டால் அவளுக்குத் தெரியும், கண்ணுக்கு முன்னால் காலுக்குத் தெரியும், நின்று, துணியை இழுத்துப் பார்த்து, சரியாக அந்த இடத்தில் விரலை வைப்பாள். ஆயிரத்து அறுநூறெல்லாம் அவளுக்கு நடைவேகம். மூணு விழுது, நாலாவது விடுது. நான் காலை ஏழு மணியிலிருந்து ஒரு கையேடு, ஒரு உள்ளங்கை, நான்கு ஒயர்களைக் கொண்டு கண்டுபிடித்ததை அவள் நேற்று மேட்டில், ஹாரனுக்கு நடுவில், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். உடம்பு சில்லிட்டது. பனி என்று நினைத்துக்கொண்டு துண்டைத் தோளில் இழுத்துவிட்டேன்.

மூன்றாவது காயிலை ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனர். போல்ட் விரலாலேயே சுற்றி வந்துவிட்டது, முறுக்கப்படவே இல்லை, அது ஏன் என்று எனக்குத் தெரியும், இப்போது தெரியாது என்று சொல்லிக்கொள்ளக்கூட இடமில்லை. காயிலை மேலே இழுத்தேன், அதன் அடியில் ஒரு நீண்ட ரப்பர் உறை, பொறி தெறிக்கும் பிளக்கின் தலையைக் கவ்விக்கொள்ளும் உறை, ஈரமான சத்தத்தோடு வெளியே வந்தது. நுனியில் மஞ்சள். துரு மஞ்சள் இல்லை. மஞ்சள் மஞ்சள். நம் ஊர் மஞ்சள், மண்டியில் மூட்டை மூட்டையாக ஏலம் போவது. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு சாண் ஆழமுள்ள குழி, அடியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர், அதில் குழைந்த சந்தனம். ஆயுத பூஜை. ஊரே பானட்டில் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டது. எனக்கு மட்டும் அது போதவில்லை. பானட் என்பது வெறும் தகரம், ஒரு மூடி. மூடிக்குப் பொட்டு வைப்பது அட்டையைப் படித்துவிட்டுப் புத்தகத்தைப் படித்ததாகச் சொல்வதற்குச் சமம் என்று குணவதியிடம் விளக்கினேன், அவள் பொரிகடலையில் வெல்லம் கலந்துகொண்டிருந்தாள், "உங்க இஷ்டம்" என்றாள். வெளியே வந்து, மேல்மூடியைக் கழற்றி, நான்கு காயில்களுக்கும் நான்கு பொட்டு வைத்தேன். வைத்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். பொறி பிறப்பது இன்னும் கீழே என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். எந்தப் போல்ட் சுலபமாக வருகிறது என்று பார்த்தேன், மூன்றாவது வந்தது, காயிலைத் தூக்கி, மாவிலையால் மஞ்சள் தண்ணீரை அந்தக் குழிக்குள் தெளித்தேன். மூன்று தடவை. ஆசி வேர் வரைக்கும் இறங்கட்டும் என்று. பிறகு காயிலை மேலோட்டமாக அழுத்தி வைத்துவிட்டுச் சூடம் காட்டினேன். பக்கத்தில் யாரும் இல்லை.

யாரும் இல்லை என்ற இடத்தில் மனம் போய் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவே மாட்டேன் என்கிறது. தையல் கழிவிலிருந்து ஒரு கீற்றுத் துணியைக் குச்சியில் சுற்றிக் குழிக்குள் விட்டுத் தண்ணீரை எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. சைக்கிள் பம்பு வைத்து அடித்து ஈரத்தையும் தூசியையும் வெளியே ஊதினேன், பிளக்கைக் கழற்றும்போது ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால்கூட அது சிலிண்டரைக் கீறிவிடும். யாருக்கும் தெரியாது. பிளக் ஸ்பேனரை உள்ளே இறக்கித் திருப்பினேன், கிறீச்சென்று ஒரு சத்தம், பல்லில் கூசியது, பிறகு இளகி, சுற்றுச் சுற்றாக மேலே வந்தது. துணியில் துடைத்து வெயிலில் பிடித்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடம்பில் மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. முடியளவு கனம். நேராக இல்லை, கொஞ்சம் தயங்கி, வலப்பக்கம் வளைந்து, ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, பிரிந்தது பிடிக்காமல் மறுபடி சேர்ந்து, இரும்பில் போய் முடிகிறது. இருபதாயிரம் வோல்ட் மஞ்சளுக்குள் வழி தேடி நடந்த தடம். மழைக்காலத்தில் வானத்தில் ஒரு கண்ணிமைப்பு நேரம் தெரிந்து மறைகிறதே, எந்தக் கண்ணும் முழுசாகப் பார்த்திராத அது, இங்கே என் இரண்டு விரல்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் ஒன்று ஆரம்பித்து, பாதியில் நின்றிருந்தது, அந்த வழி சரிப்படவில்லை போல. ரப்பர் உறைக்குள் இதே கோட்டின் மறுபாதி இருந்தது, கண்ணாடிக்கு முன் வைத்ததுபோல அச்சாக. நான் செய்ததை மறந்துவிட்டு, பயத்தை மறந்துவிட்டு, மணி ஒன்பதாகிறது என்பதையும் மறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் புரிந்தது. சமதளத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. பொறி தன் இடைவெளியை எப்படியோ தாண்டிவிடும். மேட்டில் மிதித்தால் அழுத்தம் கூடும், தாண்டுவது கஷ்டம், அப்போது மின்சாரத்துக்கு வெளியே உள்ள மஞ்சள் பாதை எளிது. இரண்டு மாதமாக நான் கடைவீதிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் சமதளத்திலேயே ஓட்டினேன். மேட்டில் முதலில் மிதித்தவள் அவள். அவள் மிதித்ததால் தெரிந்தது. நான் முதல் கியரில் பயந்து பயந்து ஏற்றியதால் தெரியவில்லை. திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அழுத்தாமல் போனதுதான். அதன்பின் ஒரு ராத்திரிப் பனி போதும். இன்று காலை நின்ற இடத்திலேயே திக்குகிறது.

தெருமுனை ஸ்பேர்ஸ் கடை ஒன்பதுக்குத் திறக்கும். நடந்தேன். புதுப் பிளக் ஒன்று, ரப்பர் உறை ஒன்று. கடைக்காரர் பழைய உறையை மூக்கருகே கொண்டுபோய், "என்ன சார், சாமி வாசம் அடிக்குது?" என்றார். "பக்கத்துல கோயில்" என்றேன். பக்கத்தில் கோயில் கிடையாது. இது இரண்டு நாளில் ஆதாரமில்லாத இரண்டாவது வாக்கியம், இப்படியே போனால் பழகிவிடும் என்று தோன்றியது. திரும்பும் வழியில் திட்டம் தானாகத் தயாராகிக்கொண்டிருந்தது, நான் அதற்கு உதவி செய்யவில்லை, தடுக்கவும் இல்லை. மாட்டிவிடலாம். ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். இன்று பாலத்தில் திக்காது. "பாத்தியா, கிளட்ச்ச ஒழுங்கா விட்டா வண்டி எப்படிப் போகுது" என்று சொல்லலாம், அவளும் தன் கால் தேறிவிட்டது என்று நம்பலாம், வேலைக்குப் போகலாம், எல்லோருக்கும் நல்லது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? மூன்று வீடு தள்ளி வரும்போது தெரிந்தது. இனி அந்தக் கால் ஒன்று சொன்னால் அவளே நம்பமாட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறாகச் சொல்லாத கால். தவிரவும், அவள் ஓட்டிப் பார்க்கவே வரமாட்டாள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டாள், அதை மறுபடி எடுக்கவைக்க என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. ஐம்பத்தாறு வயதில், நான்கு தெருவுக்குப் படித்தவர் என்று பெயர் எடுத்தவன், இன்ஜினுக்குள் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன் என்று சொல்ல வேண்டும்.

புதுப் பிளக்கை முதலில் கையாலேயே திருகினேன், எடுத்த எடுப்பிலேயே ஸ்பேனரால் திருகினால் மரை போய்விடும். உள்ளே ஏதோ ஒரு சுற்றில் அது பிடித்துக்கொண்டது, இருட்டுக்குள்ளிருந்து ஒருவர் கைகொடுத்ததுபோல. முறுக்கினேன். காயிலில் புது உறையைப் போட்டு, அழுத்தினேன், க்ளக் என்று உட்கார்ந்தது, ஆயுத பூஜை அன்றைக்கு இந்தச் சத்தம் வரவில்லை, வரவில்லை என்பதை அன்றைக்குக் கேட்கவில்லை. போல்ட்டை இந்தத் தடவை முறுக்கினேன். இதில் சரியாகாவிட்டால்? உறையும் பிளக்கும் இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்தால், நேற்றிலிருந்து எரியாத பெட்ரோல் உள்ளே வேறு எதையாவது கெடுத்திருந்தால், பத்து மணிக்கு அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு தெரிந்தால். ஆணியிலிருந்து சாவியை எடுக்கும்போது அவள் நிமிரவில்லை என்பதைக் காலையிலேயே பார்த்திருந்தேன், இப்போது சாவி வண்டியிலேயே இருக்கிறது, திருப்பினேன். பிடித்துக்கொண்டது. மஞ்சள் விளக்கு சிறிது நேரம் யோசித்தது, கண்ணடிப்பதை நிறுத்தியது. பின்னால் ஓடிப்போய்க் குத்தவைத்துக் கையை நீட்டினேன். காற்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. தடுக்கவில்லை. நான்கு நெருப்புகளும், தவறான வரிசை என்று நான் நினைத்த அந்த வரிசையில், ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு, ஒன்றின் தோளில் ஒன்று கைவைத்துப் போய்க்கொண்டிருந்தன, யார் மன்னிப்பையும் கேட்காமல், தெளித்தவன் மேல் எந்த வருத்தமும் இல்லாமல். உள்ளங்கை சூடாகி, சுட ஆரம்பித்த பிறகும் எடுக்க மனம் வரவில்லை.

முன்னறைக்குள் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "குணா." "ஒம்பதே முக்கால் ஆச்சுங்க. இட்லி மேசை மேல மூடி வெச்சிருக்குது." "கிளட்ச் இல்ல." மெஷின் நின்றது. "என்னது இல்ல?" "நேத்து பாலத்துல. கிளட்ச் இல்ல. உன் கால் சரியாத்தான் இருந்திருக்குது. மூணாவது சிலிண்டர் எரியல. நீ சொன்ன மாதிரியே, மூணு விழுந்து நாலாவது விட்டிருக்குது." பிளக்கை நீட்டினேன். வாங்கி, ஊசி கோக்கிற கையால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அடேங்கப்பா. கைத்தையல் போட்ட மாதிரியல்லங்க ஓடியிருக்குது. இது கரண்டு போட்டதா?" "ஆமா." "இதென்ன மஞ்ச?" பழைய வண்டியில் ஈரம் இறங்கும் என்ற வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது, இலக்கணப் பிழை இல்லாமல். "ஆயுத பூசைக்கு நாந்தான் தெளிச்சேன்." "எங்க?" "உள்ள. அதக் கழட்டிட்டு." "இன்ஜினுக்குள்ள மஞ்சத்தண்ணி தெளிச்சீங்களா?" "மூணு தடவை." "ஏனுங்க?" "வேர் வரைக்கும் இறங்கட்டும்னு." அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. பிளக்கை மேசையில் பாபின் பக்கத்தில் நிற்க வைத்தாள். "நேத்து ரத்தினசாமி அண்ணங்கிட்ட என்ன சொன்னீங்க?" கேட்டிருக்கிறது. "கிளட்ச் பழகலன்னு." "அண்ணன் கேட்டுப் பக்கந்தான் நிக்கறாங்க" என்றாள், ஊசியின் பாதத்தைத் தூக்கித் துணியை வெளியே இழுத்துக்கொண்டே. போனேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், முழுவதையும், மாவிலை உட்பட. ரத்தினசாமி பேப்பரைக் கீழே போட்டுவிட்டார். "மஞ்சத்தண்ணியா! ஏனுங் மாப்ள, படிக்காதவன் நானு, பானட்டுல ஒரு பொட்டோட நிப்பாட்டிக்கறேன்!" அவர் சிரித்த சிரிப்புக்கு இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அம்மணி ஓட்டுனது சரிதானுங்களா?" என்றார். "சரிதான் மச்சான். நாந்தான் தப்பு" என்றேன், அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. உள்ளே அவள் போனில் பேசுவது கேட்டது. "மேடம், குணவதி பேசறனுங்க. இல்லீங்க, வர முடியாதுன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். இல்லீங்க மேடம். திங்கக்கிழமை ஒம்பதுக்கு வந்தர்றனுங்க."

பதினொரு மணிக்குப் பாலத்தில் ஏறினோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினாள், நான் இந்தத் தடவை சாலையைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்தேன். குதிகால் ஊன்றியே இருந்தது. பெருவிரல் மட்டும் அசைந்தது, ஒரு நூல் அளவு, மேடு கேட்கக் கேட்க அதற்குக் கொடுத்து, கேட்காதபோது எடுத்து, துணியின் வளைவுக்குத் தக்கபடி மெஷினை விட்டுப் பிடிக்கிற அதே விரல். அந்த விரலுக்கும் அந்த நெருப்புகளுக்கும் நடுவில் எதுவுமே இல்லாததுபோல வண்டி எழுந்து போனது. உச்சியில் ஒரு கணம் ஊர் முழுவதும் தெரிந்தது, தண்டவாளங்கள், சாயப்பட்டறைப் புகை, தூரத்தில் காவிரியின் ஒரு துண்டு. நான் மறுபடி அவள் காலைப் பார்த்தேன். "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல." அவள் கியரை மாற்றினாள்.

லைசென்ஸ் வாங்கியதிலிருந்து வண்டியை விட்டு இறங்கும்போது, ஓட்டுநர் இருக்கையை எனக்காக நான்கு பல் தூரம் பின்னுக்குத் தள்ளிவிட்டு இறங்குவது அவள் வழக்கம். திங்கட்கிழமையிலிருந்து தள்ளுவதில்லை. நான் ஏறும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது.